பிராசசர் 25 சதவீதம் காட்டினால் அது சும்மா இருக்கிறது என்று பொருளல்ல

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில், திருவனந்தபுரத்தில் இறங்கும்போது படம் திக்கித் திணறுகிறது என்று கேட்ட மார்த்தாண்டத்துத் தம்பிக்கு, "டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 25 சதவீதம்தானே ஓடுகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடு" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இது தவறான யோசனை. இதை நம்பித் தம்பி நாகர்கோவிலுக்குப் போய்ப் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது.

அந்த 25 என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலைசெய்யும் எல்லாக் கோர்களுக்குமான சராசரி. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் முக்கியமான கணக்குகளில் பெரும்பகுதி மெயின் த்ரெட் என்ற ஒரே பாதையில் நடக்கிறது. 8 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைப்பாதைகள்) கொண்ட பிராசசரில் ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தத்தில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் காட்டும். மற்ற கோர்கள் சும்மா இருப்பதால் அந்த ஒன்றின் சுமை குறைந்துவிடாது.

தம்பி, விளையாட்டின் அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கி, ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) காட்டும் பலகையைத் திறந்து பாருங்கள். மெயின் த்ரெட் தடுக்கிறதா, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) தடுக்கிறதா என்று அதிலேயே எழுதியிருக்கும். பிறகு அதே இடத்தில் படத்தின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் ரெண்டர் ஸ்கேலிங்கை 100லிருந்து 60க்கு இறக்குங்கள். கார்டின் வேலை குறைந்து, படம் மங்கியும் ஃபிரேம் ஏறவில்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டு போட்டாலும் அங்கே பயனில்லை.

குமரிக் கடலுக்கு மேல் சீராகப் பறந்துவிட்டு விமான நிலையத்தை நெருங்கும்போது மட்டும் திணறுவதாக நீங்கள் எழுதியதைப் பார்த்தால், எனக்குப் பிராசசர்மீதுதான் சந்தேகம். கட்டடங்களும் பிற விமானங்களும் அங்கேதான் குவிகின்றன. முதலில் டெரெய்ன் (நிலப்பரப்பு) விவர அளவையும் விமானப் போக்குவரத்தையும் குறைத்துப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.