தெருவில் நின்று பார்த்தால் கூரைச் சேதம் தெரியாது

புயல் சேதம் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஏன் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்? எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், செல்போனில் ஒரு படம் எடுத்தார்கள். “ஷீட்டெல்லாம் அப்படியேதானே இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். “உள்ள வந்து பாருங்க சார்” என்று அம்மா கெஞ்சியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

வயிறு எரிகிறது. உள்ளே வந்து கதவு, சன்னலைச் சாத்திவிட்டு மேலே பார்த்திருந்தாலே போதும். பட்டப்பகலில் போல்ட் துளைகளைச் சுற்றி வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. காற்று ஆஸ்பெஸ்டாஸைத் தூக்கித் தூக்கி அடித்ததில் துளை அகன்று, அதிலிருந்து விரிசல் ஓடியிருக்கிறது. சுவரில் தண்ணீர் இறங்கிய தடம் இன்னும் காயவில்லை. ஷீட் பறந்துபோனால்தான் சேதமா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். உப்புக்காற்று போல்ட்டை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே தலை நன்றாகத்தான் தெரியும், கழுத்து நூலாகியிருக்கும். காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தையும் முகட்டையும். அங்கே இரண்டு போல்ட் விட்டால் அடுத்த காற்றுக்கு மொத்த வரிசையும் போகும். மாடி வீட்டுக்காரர்களுக்கும் இதே கதிதான். கம்பி துருப்பிடித்து உப்பி, உள்ளேயிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். தட்டிப் பார்த்தால்தான் பொள்ளல் சத்தம் கேட்கும்.

அலுவலகத்துக்குப் போய் முறையிட்டால், “நீங்களே மேல ஏறி போட்டோ எடுத்துட்டு வாங்க” என்கிறார் ஒருவர். என்ன பேச்சு இது? நனைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஆள் கனம் தாங்காது. குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போடாமல் கால் வைத்தால் உடைந்து நேரே தரைக்குத்தான் வருவோம். ஒரு போட்டோவுக்காக யார் உயிரைக் கொடுப்பது?

1964-ல் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த கரை இது. அவ்வளவு ஏன், 2024 நவம்பர் 20-ஆம் தேதி புயலே இல்லை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு மழை இந்த விரிசல்களின் மேல் பெய்தால் அரிசி, துணி, பிள்ளைகளின் புத்தகம், கரண்ட் வயர் எதுவும் மிஞ்சாது. ஆனால் எங்கள் பெயருக்கு நேரே ‘சேதம் இல்லை’ என்று எழுதியிருக்கிறது.

டிசம்பர் மழை இன்னும் பாக்கி இருக்கிறது. பட்டியலை மூடுவதற்குள் திரும்பி வாருங்கள். செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம், வீட்டுக்குள் நின்று மேலே பார்த்து எழுதுங்கள்.