நண்பகல் வாட்டமும் மூன்று வேளைத் தண்ணீரும்

கத்திரி வெயிலில் நண்பகலில் பூசணி, பீர்க்கு இலைகள் தொங்கினாலே அது தாகம்தான், ஆகவே நாளைக்கு மூன்று வேளை ஒவ்வொரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. மண்ணில் போதிய ஈரம் இருக்கும்போதும், இலைவழி ஆவியாகும் நீரின் வேகத்துக்கு வேர்கள் ஈடுகொடுக்க முடியாத அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அகன்ற இலைக் கொடிகள் துவண்டுபோவது இயல்பு. வெயில் தாழ்ந்ததும் அவை தாமாகவே நிமிர்ந்துவிடும். மறுநாள் விடியலிலும் தலை தொங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள்: சில்லென்று ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் வேரழுகலையோ வாடல் நோயையோ சந்தேகிக்க வேண்டுமே தவிர, மேலும் நீர் விடக் கூடாது.

குவளைக் கணக்கும் பொருந்தாது. மூன்று குவளையும் சேர்ந்து ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு அது 1 மில்லிமீட்டர் மழைக்குத்தான் சமம்; அது மேல்மண்ணை மட்டும் நனைத்து அன்றே ஆவியாகிவிடும், வேரும் அந்த ஈரத்தை நம்பி மேலேயே படரும். தரைப் பாத்திக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதிகாலையில், சதுர மீட்டருக்கு 10 முதல் 15 லிட்டர் வரை நின்று நிதானமாக விட்டு, காய்ந்த சருகால் மூடாக்கு இடுவதே மேல். மாடியில் பைகளில் வளர்ப்போர் நிலை வேறு. மண் குறைவென்பதால் அவர்களுக்குத் தினமும், சில நாள்களில் இருவேளையும் தேவைப்படலாம். (வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும், அதை வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.)