இயந்திரத்துக்குத் தடை நிலத்தின் அளவல்ல

"இரண்டு ஏக்கர்க்காரரால் நவீன விவசாயம் முடியாது, நிலங்களைப் பெரிய நிறுவனத்திடம் சேர்த்தால்தான் இயந்திரம் வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர்தான், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. ஆனாலும் டெல்டாவில் இன்று நெல் அறுவடை பெரும்பாலும் இயந்திரத்தில்தான் நடக்கிறது. இதற்காகச் சிறு விவசாயிகள் நிலத்தைச் சேர்க்கவில்லை, அறுவடை வண்டியையும் சொந்தமாக வாங்கவில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி இறக்குகிறார்கள். வயலில் ஈரம் நின்றால் பெல்ட் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. வண்டிக்கான முதலீடு ஒருவருடையது, நிலம் பலருடையது.

ஜப்பானையும் பாருங்கள். போருக்குப் பிந்தைய நிலச்சீர்திருத்தம் குத்தகைதாரர்களை உடைமையாளர்களாக்கியது. சராசரிப் பண்ணை ஏறத்தாழ ஒரு ஹெக்டேர்தான். இளைஞர்கள் ஆலை வேலைக்குப் போகப் போக, அந்தச் சிறு வயலுக்கு ஏற்ற பவர் டில்லரும் நடவு இயந்திரமும் அங்கே பரவின.

உண்மையான முட்டுக்கட்டை கடன். வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் பெயர் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும் இதுதான் நிலை. அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவு இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் பாருங்கள், தெரியும். வண்டி வாடகையைக்கூட அவர் வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கிறார்.

நிறுவனம் நிலத்தை எடுத்தால் முதலில் வெளியேறுபவர் இந்தக் குத்தகைதாரர்தான். கதிர் அறுத்துக் கூலி நெல் வாங்கிய பெண்கள், அறுவடை வண்டி வந்ததால் ஏற்கெனவே அந்த வேலையை இழந்துவிட்டார்கள். உங்கள் கணக்கில் இவர்கள் இருவருமே இல்லை.