ஏவாளுக்குப் பக்கத்தில் நின்றவன்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அயனாவரத்தில் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம். அண்ணன் மகளுக்கு எட்டாம் மாசம், தலைப்பிரசவம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வரவேண்டும் என்று ஜெபிக்கத்தான் கூடியிருந்தோம். பேச வந்த சகோதரர் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 3ஆம் அதிகாரத்தை எடுத்தார். "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்பதை இரண்டு தடவை வாசித்தார். இந்தக் காலத்துப் பெண்கள் முதுகில் எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டு வலியில்லாமல் பெற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள், விலக்கப்பட்ட மரத்தின் பழத்தைச் சாப்பிட்டு ஏவாள் கீழ்ப்படியாமல் போனதற்குக் கர்த்தர் கொடுத்த தண்டனை அது, அதிலிருந்து தப்பிக்க நினைப்பதும் கீழ்ப்படியாமைதான் என்றார்.

அண்ணன் மகள் டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றிருந்தாள். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. "அத்தை, நான் டாக்டர்கிட்ட எபிடியூரல் கேட்டு வெச்சிருக்கேன். அது தப்பா?" என்றாள்.

தப்பில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் தப்பில்லை என்பதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. விசுவாசியாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வசனம். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பித்தபோதும் இதையே காட்டி எதிர்த்தார்கள். அவரும் வேதத்தை எடுத்தே பதில் சொன்னார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் தேவன் அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினாரே என்று கேட்டார். 1853இல் விக்டோரியா ராணியே குளோரோஃபார்ம் வாங்கித்தான் பிள்ளை பெற்றார்.

அடுத்த வசனங்களையும் வாசியுங்கள். நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும், நெற்றி வேர்வை சிந்திச் சாப்பிடுவாய் என்று ஆதாமுக்குச் சொல்லியிருக்கிறது. களை எடுக்கிற விவசாயியைக் கீழ்ப்படியாதவன் என்று எந்த ஊழியக்காரரும் சொன்னதில்லை. மே மாசத்துச் சென்னையில் சபைக்கு ஏசி போடக் காணிக்கை எடுக்கிறோம், அந்த வேர்வையைத் துடைக்க யாரும் தயங்குவதில்லை. பெண்ணின் வலியை மட்டும் ஏன் சட்டமாக்குகிறோம்? அந்த அதிகாரத்தில் சபிக்கப்பட்டவை இரண்டே இரண்டு, பழத்தைக் காட்டி ஆசைகாட்டிய பாம்பும் பூமியும். "நீ சபிக்கப்பட்டவள்" என்று ஏவாளிடம் தேவன் சொல்லவேயில்லை. "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதும் அந்த வேதனையோடு ஒரே மூச்சில் வருகிறது. உறவு கெட்டுப்போன பிறகு என்ன ஆகும் என்கிற வேதனையான செய்தி அது. அதைக் கலியாணப் பிரசங்கத்தில் மாப்பிள்ளைக்கு உரிமைப் பத்திரம்போல வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

இப்போது பழி. விலக்கப்பட்ட மரத்தைப் பற்றிய கட்டளை 2ஆம் அதிகாரத்தில் 16, 17ஆம் வசனங்களில் இருக்கிறது. "நீ புசிக்கவேண்டாம்" என்று ஒருமையில் ஆதாமிடம் சொல்லப்பட்டது. ஏவாள் உருவானது அதற்குப் பிறகு, 22ஆம் வசனத்தில். நேரில் கேட்டவன் அவன். அவளுக்கு யார் சொன்னார், எப்படிச் சொன்னார் என்று ஒரு வரி கிடையாது. சர்ப்பம் பேசும்போது இரண்டு பேரையும் சேர்த்து "நீங்கள்" என்றே பேசுகிறது. 3:6இல் அவள் பறித்துத் "தன் புருஷனுக்கும் கொடுத்தாள்" என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் படிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே இன்னொரு சொல் இருக்கிறது: அவளோடிருந்த. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "தன்னுடனிருந்த தன் கணவனுக்கும்" என்று அது வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்தான். அது விழுந்துபோனதால், எங்கேயோ தோட்டவேலையில் இருந்த அப்பாவி மனுஷனைத் தேடிப்போய் அவள் கெடுத்த மாதிரி நாம் படம் வரைந்துகொண்டோம். அவன் பக்கத்திலேயே நின்றான். வாய் திறக்கவில்லை.

தேவன் கேட்டபோதுதான் திறந்தான். "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" என்றான். பழியில் பாதி மனைவிக்கு, பாதி கொடுத்தவருக்கு. வெள்ளிக்கிழமை கேட்ட பிரசங்கத்தில் எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான்.

புதிய ஏற்பாட்டில் முதலாம் தீமோத்தேயு நிருபத்தைக் காட்டுவீர்கள், தெரியும். ஸ்திரீ வஞ்சிக்கப்பட்டாள், ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை என்று அங்கே இருக்கிறது. அப்படியென்றால் அவன் தெரிந்தே சாப்பிட்டான் என்றுதானே அர்த்தம்? ஏமாந்தவளைவிடத் தெரிந்து செய்தவனுக்குக் குற்றம் எப்படிக் குறையும்? ரோமர் நிருபம் 5:12இல் பாவம் உலகத்தில் வந்தது "ஒரே மனுஷனாலே" என்று வந்து, 14ஆம் வசனத்தில் ஆதாமின் பேர்தான் சொல்லப்படுகிறது.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் அந்தச் சகோதரரிடம் இதையெல்லாம் கேட்டேன். "சிஸ்டர், கர்த்தர் சொன்னா கீழ்ப்படியணும். கேள்வி கேட்கக்கூடாது" என்றார். "ஆபிரகாம் கேட்டாரே பிரதர்?" என்றேன். அழியப்போகிற சோதோம் பட்டணத்துக்காக அவர் ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்துவரை இறங்கிப் பேசுகிறார். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் பதில் வருகிறது, ஒரு தடவைகூட வாயை மூடு என்று வரவில்லை. தோட்டத்திலும் தேவன் முதலில் கேள்விதான் கேட்கிறார், "நீ எங்கே இருக்கிறாய்" என்று.

எனக்கும் ஒரு கேள்வி பன்னிரண்டு வயசிலிருந்து இருக்கிறது. நன்மை தீமை அறியும் பழத்தைச் சாப்பிடும் முன், மீறுவது தீமை என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டதற்கு வகுப்பு முடியும்வரை என்னை நிற்கவைத்தார்கள். குழந்தையைப்போல நம்பியிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதியோடு நான் இன்னும் ஜெபம் பண்ணுகிறேன். ஆனால் அவர்கள் செய்த குற்றத்தை அயனாவரத்தில் எட்டு மாசப் பிள்ளையைச் சுமக்கிறவள் தலையில் ஏற்றுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்பது எசேக்கியேல் 18இல் உள்ள வார்த்தை. தோட்டத்தைவிட்டு அனுப்பும் முன் தேவன் அந்த இரண்டு பேருக்கும் தோல் உடை செய்து உடுத்திவிட்டதாகவும் அதே 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 21ஆம் வசனம். வெள்ளிக்கிழமை வாசிப்பு 16ஆம் வசனத்தோடு நின்றுவிட்டது.

அடுத்த மாசக் கூட்டம் எங்கள் வீட்டில். பிரதர், கட்டாயம் வாங்க. இதே அதிகாரத்தையே எடுங்க, ஆனால் 2:16இல் ஆரம்பித்து 3:21 வரைக்கும் முழுசா வாசிங்க. அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள், அதற்குள் வலி வராமல் இருந்தால்.