மரை கழண்ட கதை

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் ஒற்றைச் சில்லுச் சைக்கிள் ஓடிய வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்று வாங்க எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு நான் எழுதியது ஒரே வரி: "பண்ணையில் ஓடத்தான் என்றால் 20 அங்குலச் சில்லு வேண்டாம்." அதற்கு வந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணி முடியவில்லை. "ஒரு சில்லு, ரெண்டு பெடல், ஒரு சீற். இதில என்ன பாத்து வாங்கக் கிடக்கு அண்ணை?"

கிடக்கு. சாதாரண ஒற்றைச் சில்லுச் சைக்கிளில் செயின் இல்லை. கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, நேரே சில்லின் அச்சில் பூட்டியிருக்கும். பெடல் ஒரு சுற்று, சில்லும் ஒரு சுற்று. 20 அங்குலம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீற்றர்தான் போகும். 29 என்றால் 2.3 மீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு 600 தரத்துக்கு மேல் மிதித்துப் பாருங்கள், அதுவும் காலை ஒரு நொடி சும்மா வைக்க முடியாமல். பிறகு வந்து சிரியுங்கள்.

பாய்ந்து குதிக்கிற பெடியளுக்கு 20தான் சரி, தடித்த ரயரோடு. நான் அதை மறுக்கவில்லையே! எங்கே ஓடப் போகிறாய் என்று முதலில் கேள் என்றேன், அவ்வளவுதான்.

"குட்டைக் கிராங்க் போட்டால் வேகம் வரும், யாழ்ப்பாணத்தில மலையா இருக்கு?" என்று ஒருவர். மலை இல்லை, சரி. சோளகக் காற்று இல்லையா? எதிர்க்காற்றில் 100 மில்லிமீற்றர் கிராங்கை மிதிக்க முழங்கால் கெஞ்சும். பிரேக் இல்லாததில் நிறுத்துவதும் காலாலேதான். 150 போட்டுப் பழகிவிட்டுக் குறைக்கலாம். காசு விரயம் என்றவர் சொன்னது உண்மைதான், வெளிநாட்டிலிருந்து பெட்டியில்தான் வர வேண்டும். அதனால்தானே முதலே யோசி என்கிறேன்.

அப்புறம், "மரை கழண்ட ஆள்" என்று எழுதிய பெரியவரே! ஓம், ஒருமுறை கழண்டது. ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய முதல் சைக்கிளை நானே பூட்டி, முன்பின் மாறிச் சீற்றைத் திருப்பிவிட்டேன். இடது பெடல் வலது காலுக்கு வந்துவிட்டது. இடது பெடலுக்கு எதிர் மரை. பக்கம் மாறி ஓடினால் மிதிக்க மிதிக்க இளகும். ஆரியகுளத்தடியில் பெடல் தனியே, நான் தனியே. நாடியில் மூன்று தையல். சைக்கிள் கடை ஐயா கிராங்கில் இருந்த எழுத்தை எண்ணெய் விரலால் துடைத்துக் காட்டினார்: "இது இடதுக்கு எண்டு போட்டிருக்கு, தம்பி வாசிக்கேல்லையோ?" அவர் சிரிக்கவில்லை.

பெற்றோலும் கரண்டும் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. இங்கே கிராங்க் நீளம் பற்றிப் பேசினால் சேர்க்கஸ்காரனாம்! கார் வாங்கும்போது மட்டும் மூன்று பேரிடம் மைலேஜ் விசாரிப்பீர்கள்.

தம்பி, என்னிடம் 29 ஒன்று சும்மா கிடக்கு. ஞாயிறு விடிய, காற்று எழும்ப முன்னம் வா. சிரித்த பொம்மை போட்ட என் சொந்த மச்சானே, உன் ரியூபுக்குப் போன கிழமை ஒட்டுப் போட்டுத் தந்தது யார்?