கிடங்கில் யாரும் எடையைக் கூட்டுவதில்லை

"ஓசூர் ரோஜாப் பெட்டி தராசில் 14 கிலோதான், பெங்களூரு விமான நிலையச் சரக்குக் கிடங்கு ஆட்கள் 20 கிலோ என்று எழுதி ஏமாற்றுகிறார்கள்" என்று ஒருவர் கூறியிருப்பது தவறு. விமானத்தில் இடத்துக்கும் விலை உண்டு என்பதால், பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் கன அளவு எடை, தராசு எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குவது விமானச் சரக்கில் பரவலாக உள்ள வழக்கம். 100, 40, 30 அளவுள்ள பெட்டிக்கு அது சரியாக 20 கிலோ. சரக்குடன் செல்லும் விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லில் இரண்டு எடைகளும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும், பார்க்கலாம். கிடங்குத் தொழிலாளர்கள் பெட்டியை எடைபோட்டு, நாடா பிடித்து அளந்து, எக்ஸ்ரே சோதனை முடிந்ததும் பேலட்டில் (விமானத்தில் ஏற்றும் சரக்குத் தட்டில்) அடுக்கி வலை இறுக்குபவர்களே தவிர (காதலர் தின நெரிசலில் அது லேசான வேலையும் அன்று), கட்டணத்தை நிர்ணயிப்பவர்கள் அல்லர். செலவு குறைய வேண்டுமானால் பெட்டிக்குள் விடும் வெற்றிடத்தைத்தான் குறைக்க வேண்டும்.