பர்மா போகிறவர்கள் ரங்கூனை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்

பர்மா போகத் திட்டமிடும் நண்பர்கள் காட்டும் பயணத் திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. ரங்கூனில் இறங்கி ஒரு மாலை ஷ்வேடகோன் புத்தர் கோயில், மறுநாள் காலை பழைய கோயில் நகரமான பகானுக்கு விமானம், அங்கே சூரிய உதயப் படம், பிறகு மண்டலே, இன்லே ஏரி, ஊர் திரும்பல். எனக்கு இதில் உடன்பாடில்லை. கையில் ஒரு வாரம் இருந்தால் அதில் பாதியையாவது ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு, ஒதுக்குங்கள்.

முதல் காரணம் சாப்பாடு. பர்மியர்களின் காலை உணவான மொஹிங்காவை அதன் தெருவில், அதன் நேரத்தில் சாப்பிட வேண்டும். கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, இஞ்சி, பூண்டு, மஞ்சள், எலுமிச்சைப் புல்லுடன் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்து ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். உள்ளே வாழைத்தண்டு கிடக்கும். அரிசி நூடுல்ஸ் மீது அதை ஊற்றி, மொறுமொறுப்பான பருப்பு வடையை நொறுக்கிப் போட்டு, அவித்த முட்டையும் மல்லித்தழையும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். நல்ல கடையில் முற்பகலுக்குள் அண்டா காலியாகிவிடும். அறை வாடகையோடு சேர்ந்த ரொட்டியையும் ஆம்லெட்டையும் விட்டுவிட்டு விடியற்காலையில் தெருவில் இறங்குங்கள்.

சென்னையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நெ வின் காலத்தில், 1960களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள் பாரிமுனைக்குக் கொண்டுவந்த உணவு அது. இங்கே வந்து நம் நாக்குக்கு ஏற்ப மாறிவிட்டது. அங்கே 'கௌஸ்வே தோக்' என்று கையால் பிசைந்து தரும் நூடுல்ஸ்தான் அதற்கு நெருங்கிய உறவு. அதே சுவையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புதிதாக ஒன்றைச் சாப்பிடப் போகிறோம் என்ற மனத்தோடு போங்கள்.

புளிக்கவைத்த தேயிலையில் செய்யும் லபெத் தோக்கை நான் உலகின் மிகச் சிறந்த உணவுகளில் ஒன்றாகவே மதிக்கிறேன். இலையின் லேசான கசப்பும் புளிப்பும், வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை, பொரித்த பயறு எல்லாம் ஒரே வாயில் சேரும். சைவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் காய்ந்த இறால் பொடி சேர்ப்பார்கள், முன்கூட்டியே சொன்னால் விட்டுவிடுவார்கள். கடலை மாவில் செய்யும் ஷான் டோஃபு, அவித்த பட்டாணியோடு வரும் பராத்தா என்று சைவர்களுக்கும் குறைவில்லை. குட்டை முக்காலி போட்ட தேநீர்க் கடைகளில் மேசைமேல் இருக்கும் ஃபிளாஸ்க்கில் பால் சேர்க்காத தேநீர் இலவசம். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை.

ஷ்வேடகோனுக்கு இரண்டு முறை போக வேண்டும், விடியலில் ஒருமுறை, விளக்கேற்றும் நேரத்தில் ஒருமுறை. செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது. சுமார் 99 மீட்டர் உயரப் பொற்கோபுரத்தைப் படமெடுத்ததும் இறங்கிவிடாதீர்கள். அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் கிழமைக்கொரு சன்னிதி உண்டு. புதன்கிழமையை இரண்டாகப் பிரித்து, பிற்பகலை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த கிழமையின் சன்னிதியில் புத்தருக்கு நீர் வார்த்து வழிபடும் மக்களோடு நின்று பாருங்கள். பிறந்த கிழமையை மட்டும் முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில் நகரின் நடுவே இன்றும் இருக்கிறது. நாடு கடத்தப்பட்டு 1862இல் இறந்த கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரின் கல்லறையும் இந்த ஊரில்தான். இவற்றையெல்லாம் ஒரு மாலையில் எப்படிப் பார்ப்பது?

பகானை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் நிற்கும் அந்தச் சமவெளிக்கு ஈடு இல்லை. ஆனால் ஆனந்தா கோயிலோடு நிறுத்திக்கொள்ளாமல், பழைய மதிலுக்குள் இருக்கும் நாத்லாங் சௌங் என்ற விஷ்ணு கோயிலையும் பாருங்கள். பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதயர்பட்டணத்து வணிகர் ஒருவர் அங்கிருந்த 'நானாதேசி விண்ணகர்' கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைத் தமிழில் சொல்கிறது. கடல் கடந்து போன வணிகர் அங்கேயே ஒரு பெருமாளுக்கு விளக்கு வைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இனி, பலரும் பேசத் தயங்குவது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்த நாடு உள்நாட்டுப் போரில் இருக்கிறது. ரக்கைன் மாநிலத்தில் உள்ள பழைய கோயில் நகரம் மிராக்-ஊ போன்ற அருமையான இடங்களை இப்போதைக்குத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் மண்டலேயையும் சகாயிங்கையும் நொறுக்கியது, இன்லே ஏரிக் கிராமங்களிலும் வீடுகள் சரிந்தன. டிக்கெட் வாங்கும் முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் படியுங்கள். போக வேண்டாம் என்று இருந்தால், போகாதீர்கள். வெயில் குறைவான நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் அடுத்த ஆண்டும் வரும்.

போவதென்று முடிவெடுத்தால், பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துச் செலவழியுங்கள். குடும்பம் நடத்தும் சிறு விடுதி, தெருவோரக் கடை, நெசவாளரிடமே நேராக வாங்கும் லுங்கி என்று தேடிப் போகலாம். ராணுவத்தோடு தொடர்புள்ள விடுதிகளையும் நிறுவனங்களையும் தவிர்க்க முடியும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அரசியலை நாம் தொடங்கக் கூடாது. நாம் விமானம் ஏறிவிடுவோம், விசாரணை வந்தால் அது அவர் வீட்டுக்குத்தான் வரும். அவரே பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய பெயரையோ படத்தையோ இங்கே முகநூலில் போடாதீர்கள்.